கடன் மனுவுக்கு முன் பார்க்க வேண்டிய நாணயக் கணக்கு

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை நோக்கிச் செல்லும் பக்கத்தில் உள்ள ஓரிக்கைக்கு அப்பெயர் ஏற்பட்ட விதத்தை அவ்வூரார் அறிவர். பல்லவ அரசன் கணிகண்ணனை நகரத்தை விட்டு நீக்கினானாம். அவருடைய குருவாகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டாராம். ஆழ்வார் சொல்லைக் கேட்டு, திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார் என்றும், அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே 'ஓரிரவிருக்கை' என்றாகிப் பின்னர் ஓரிக்கை என மருவிற்று என்றும் தல வரலாறு கூறும். அரசன் பிழை உணர்ந்து வேண்டிக்கொள்ள, ஆழ்வார் திரும்பிவரச் சொன்னபோது பெருமாளும் அப்படியே திரும்பினார். அதனால் 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்னும் திருநாமம் அவருக்கு இன்றளவும் வழங்கி வருகிறது.

சொன்னபடி செய்யும் இக்குணத்தையே கொடுக்கல் வாங்கலில் நாணயம் என்கிறோம். கையில் புழங்கும் காசுக்கும் நாணயம் என்றே பெயர். ஒருவனுடைய வாக்குச் சுத்தத்துக்கும் நாணயம் என்றே பெயர். கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு 'ஐக்கிய நாணய சங்கம்' என்று முன்னோர் பெயரிட்டபோது இவ்விரு பொருளையும் மனத்தில் வைத்தே பெயரிட்டனர் போலும். ஆயினும் முன்னாளில் ஒருவருடைய நாணயம் ஊரார் வாயில் இருந்தது. இந்நாளில் அது ஓர் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டைக் கண்ணால் பாராமலே கடன் மனுவில் கையெழுத்திடும் அங்கத்தினர் பலர். மனு திரும்பி வந்த பின்னர், "யார் என்ன சொல்லிக் கெடுத்தார்களோ" என்று அண்டை வீட்டாரை ஐயுறுகின்றனர். கெடுத்தவர் அண்டை வீட்டார் அல்லர் என்பதையும், அந்த ஏட்டை முன்கூட்டியே பார்த்துத் திருத்தவும் சீர்ப்படுத்தவும் வழியுண்டு என்பதையும் இப்பாடம் விளக்கும்.

பழைய முறை

சென்னை மாகாணத்தில் சர்க்கார் உத்தரவின்பேரில் சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பவர் ஐரோப்பிய கிராம பாங்கிகளை ஆராய்ந்து, 1895 முதல் 1897 வரையில் தம் அறிக்கையை வெளியிட்டார். ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்களின் முறையை அவர் பெரிதும் சிலாகித்தார். அம்முறையின் உயிர்நாடி ஒன்றே: சங்கத்தின் எல்லை சிறியதாக இருத்தல் வேண்டும், அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும். நிலமும் நகையும் இல்லாதவனுக்கும், அவன் குடியனா, உழைப்பாளியா, வாங்கியதைத் திருப்புகிறவனா என்று ஊரார் அறிந்த அறிவே ஈடாக நிற்கும். ஒருவன் கட்டாவிட்டால் எல்லோரும் கட்டவேண்டும் என்னும் வரம்பில்லாப் பொறுப்பு இருந்தமையால், ஒவ்வொருவரும் மற்றவருடைய நடவடிக்கையைக் கவனித்து வந்தனர்.

1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் ஒன்று பதிவாயிற்று. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் காஞ்சீபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவான முதல் நகரக் கடன் சங்கம் இதுவே. காஞ்சீபுரத்து மக்களுக்கு இது பெருமை. பட்டுத் தறியாலும் கோயிலாலும் பெயர்பெற்ற ஊர் கடன் விஷயத்திலும் நாட்டுக்கு முன்னோடியாக நின்றதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

அக்காலத்துச் சங்கத்தில் கடன் மனு வந்தால் பஞ்சாயத்தார் கூடி உட்காருவர். மனுதாரருடைய சொத்து எவ்வளவு, வெளிக்கடன் எவ்வளவு என்பது ஓர் அறிக்கையில் எழுதியிருக்கும். முந்திய கடன் எந்தத் தேதியில் கட்ட வேண்டியது, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பது கடன் பேரேட்டில் தெரியும். எழுத்தில் இல்லாதது பஞ்சாயத்தாரின் நினைவில் இருக்கும். இம்முறையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. மழையால் தறி நின்றவனையும் சீட்டாட்டத்தால் பணம் இழந்தவனையும் ஊரார் வேறுபடுத்தி அறிவர். ஆனால் பஞ்சாயத்தார் ஒருவருக்கு வேண்டாதவன், எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் 'நாணயமில்லாதவன்' என்ற பெயர் சுமக்கவும் நேர்ந்தது. தன்னைப்பற்றி என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவும் முடியாது.

இம்முறை நாடு முழுவதையும் எட்டவுமில்லை. ரிசர்வ் பாங்கி 1951-52-இல் நடத்திய அகில இந்திய கிராமக் கடன் விசாரணையில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 பங்கே என்று கண்டனர். மிகப் பெரும் பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்தே வந்தது.

இக்காலத்து ஏடு

இப்பொழுது ஒரு குடும்பம் ஒரே சங்கத்தோடு நிற்பதில்லை. நகைக்கடன் ஓரிடம், மனைவியின் மகளிர் குழுக் கடன் ஓரிடம், இருசக்கர வண்டிக் கடன் ஓரிடம், கைபேசித் தவணை ஓரிடம் என்று பல இடங்களில் கணக்கு உள்ளது. ஓரிடத்தார் மற்ற இடத்துப் பாக்கியை அறிய வேண்டுமானால் பொதுவான ஏடு வேண்டும். அதற்காகவே 2000-ஆம் வருஷத்தில் சிபில் என்னும் கம்பெனி ஏற்பட்டது. பின்னர் 2005-ஆம் வருஷத்தில் கடன் தகவல் கம்பெனிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறிற்று. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், சி.ஆர்.ஐ.எப். ஹைமார்க் என நான்கு கம்பெனிகள் ரிசர்வ் பாங்கியின் அனுமதி பெற்று இவ்வேட்டை வைத்து வருகின்றன. பாங்கிகளும், நிதிக் கம்பெனிகளும், மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் சிறுகடன் ஸ்தாபனங்களும், கூட்டுறவு பாங்கிகளும் இச்சட்டத்தின்படி 'கடன் ஸ்தாபனங்கள்' ஆகும். கிராமச் சங்கம் தன் பேரேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தாலும், நகர பாங்கியோ மத்திய பாங்கியோ பெரிய தொகை கொடுக்குமுன் இவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கும்.

ஏட்டில் இருப்பவை எவை? அங்கத்தினர் பெயர், பிறந்த தேதி, விலாசம், பான் அட்டை எண். அவர் பெயரில் உள்ள ஒவ்வொரு கடனும். வாங்கிய தேதி, தொகை, மீதிப் பாக்கி. முப்பத்தாறு மாதங்களுக்கு மாதவாரியாகத் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா, எத்தனை நாள் தாமதம் என்ற விவரம். எந்தெந்த ஸ்தாபனம் எப்போது இவ்வேட்டைக் கேட்டது என்ற குறிப்பு. இவற்றைக் கொண்டு 300-க்கும் 900-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைக் கம்பெனி கணக்கிடும். எண் உயர்ந்திருந்தால் கொடுப்பவருக்கு அச்சம் குறைவு.

ஏட்டில் இல்லாதவையையும் அறிதல் வேண்டும். ஒருவருடைய ஜாதி, மதம், எந்தக் கட்சிக்கு வோட்டுப் போட்டார் என்பன அதில் இல்லை. பாங்கியில் எவ்வளவு சேமிப்பு வைத்திருக்கிறார் என்பதும் இல்லை. தெருவில் உள்ள வட்டிக்கடைக்காரரிடம் வாங்கிய கைமாற்று இல்லை. பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது தீரும்வரை அவருக்கே நெய்து கொடுக்கும் ஏற்பாடும் அதில் வராது. ஆகவே முன்பணத்தை இருபது வருஷமாக ஒழுங்காகக் கழித்துவந்த நெசவாளருக்கு இவ்வேட்டில் ஒரு வரியும் இராது. ஏட்டில் வரியே இல்லாமை குற்றமாகாது. முதன்முறை கடன் கேட்பவருக்கு முன்கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மனுவைத் தள்ளலாகாது என்று 2025-ஆம் வருஷம் ஜனவரியில் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட தொகுப்பு உத்தரவில் கடன் ஸ்தாபனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அத்தகைய அங்கத்தினர் சங்கத்தில் சிறு கடன் ஒன்றை வாங்கித் தவறாமல் கட்டி, அதன் ரசீதுகளையும் சேமிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வது நலம்.

ஒரு நெசவாளரின் கணக்கு

விஷயம் தெளிவாக விளங்கும்பொருட்டு ஓரிக்கையில் ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய குழித்தறியில் ஜக்கார்டுப் பெட்டி பழுதாகிவிட்டது. அதைச் செப்பனிட்டு, சொந்தமாகவே பட்டும் சரிகையும் வாங்கிப் பாவு போட்டால், முன்பணக் கட்டிலிருந்து விடுபட்டு நல்ல விலைக்குச் சேலையை விற்கலாம். அதற்கு ரூ. 60,000 தேவை. பாங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டிக்கு 24 மாதத் தவணையில் இத்தொகை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் சுமார் ரூ. 2,741 கட்ட வேண்டும். இரண்டு வருஷத்தில் மொத்தம் ரூ. 65,784, இதில் வட்டி ரூ. 5,784. இதையே வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதந்தோறும் ரூ. 1,800 வட்டிக்கே போகும். இரண்டு வருஷத்தில் ரூ. 43,200 கொடுத்த பின்னரும் அசல் ரூ. 60,000 அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்க 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் செய்ய நேர்ந்ததே இதன் கொடுமைக்குச் சான்று. பாங்கி மனு தள்ளப்பட்டால் நெசவாளர் போய் நிற்கும் வாசல் இதுவே. ஆதலால் மனு தள்ளப்படாமல் பார்த்துக்கொள்ளுதல் அற்ப விஷயமன்று.

இந்த நெசவாளர் மனு எழுதுமுன் சங்கத்துக் காரியதரிசியிடம் வந்தார் எனக் கொள்வோம்.

"எனக்கு யாரிடமும் பாக்கி இல்லை ஐயா. ஒரு கைபேசித் தவணை மட்டும் ஓடுகிறது" என்கிறார்.

"அண்ணே, நீங்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. ஏட்டுக் கணக்கையும் ஒரு தரம் பார்த்துவிடுவோம். அண்ணியாரின் ஏட்டையும் பார்க்க வேண்டும்" என்கிறார் காரியதரிசி.

ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை, எண்ணோடு கூடிய முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017-ஆம் வருஷம் ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதி. கம்பெனியின் இணையத்தளத்தில் பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம். நான்கு கம்பெனிகள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனியாகக் கேட்டால் வருஷம் முழுவதும் செலவின்றிக் கவனித்து வரலாம். தன் ஏட்டைத் தானே பார்ப்பதால் எண் குறையாது. கடன் வேண்டி ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் மனுச் செய்தால்தான், ஐந்தாறு ஸ்தாபனங்கள் கேட்ட குறிப்பு ஏறி, 'இவருக்கு ஏதோ நெருக்கடி' என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

அறிக்கை வந்தபோது நெசவாளர் திகைத்தார். அதில் மூன்று குறைகள் இருந்தன.

முதலாவது, கைபேசித் தவணை. மாதம் ரூ. 1,400, இன்னும் நான்கு தவணை பாக்கி. அத்தொகை சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும் ஏற்பாடு. கூலி மறுநாள் வரவிருக்க, தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் இரண்டு தடவை திரும்பியது. அவர் வேண்டுமென்று நிறுத்தியதன்று. ஆனால் ஏட்டுக்குக் காரணம் தெரியாது, நாள் மட்டுமே தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் இவ்வேட்டுக்கும் உள்ள பெரும் வேற்றுமை இதுவே.

இரண்டாவது, மைத்துனருடைய வண்டிக் கடன். மைத்துனருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டதை அவர் மறந்தே போயிருந்தார். அக்கடனில் அறுபது நாளுக்கு மேல் தவணை தப்பியிருந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. உறவு முறைக்காகப் போட்ட கையெழுத்து இவருடைய ஏட்டிலும் ஏறி நிற்கிறது. தொண்ணூறு நாளைத் தாண்டினால் அக்கடன் வாராக் கடன் வகையில் சேர்ந்துவிடும். ஆகவே நாளைக்கு என்று ஒத்திப்போட இடமில்லை.

மூன்றாவது, இரண்டு வருஷத்துக்கு முன் முழுதும் கட்டி மீட்ட நகைக்கடன் இன்னும் பாக்கியுள்ளதாகக் காணப்பட்டது. இது நெசவாளர் பிழையன்று. கணக்கு அனுப்பிய இடத்துப் பிழை. நகை கைக்கு வந்தவுடன் பாக்கியில்லாச் சான்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் இதைத் திருத்துவது எளிது. 2021-ஆம் வருஷத்தில் சர்க்கார் கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தபோதும், கடன் போய்விட்டது என்ற மகிழ்ச்சியில் சான்றைக் கேட்டு வாங்காதவர் உண்டு. அவர்களும் தம் ஏட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

மனைவியின் அறிக்கையில் குறையில்லை. இரண்டு குழுக் கடன்கள், மாதம் ரூ. 2,600-ம் ரூ. 2,150-ம், ஒருநாளும் தப்பாமல் கட்டப்பட்டிருந்தன. வீட்டில் நாணயமான ஏடு யாருடையது என்பது அன்று தெரிய வந்தது. பெண்கள் பெயரில் தனிக் கணக்கும் தனி ஏடும் இருப்பது குடும்பத்துக்கு எத்தகைய பலம் என்பதை ஆண் அங்கத்தினர் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

வருமானத்தை உள்ளபடி எழுதுதல்

ஏடு சுத்தமானால் மட்டும் போதாது. கட்டும் சக்தியும் வேண்டும். ஆண்டு வருமானம் ரூ. 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுக்கும் கடனைச் சிறுகடன் என்று 2022-ஆம் வருஷத்து ரிசர்வ் பாங்கி உத்தரவு வகுத்திருக்கிறது. அத்தகைய குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதந்தோறும் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்றும் அது கூறுகிறது.

நமது நெசவாளர் குடும்பத்துக்கு மாத வருமானம் என்ன என்று கேட்டால், "பதினெட்டாயிரம்" என்று உடனே பதில் வரும். அது தறி ஓடும் மாதத்து வருமானம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஊறும்; பாவைத் தெருவில் நீட்டிப் பதப்படுத்த இயலாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமையால் சேலைக்குக் கிராக்கி குறையும். இந்நான்கு மாதமும் ரூ. 10,000 வருவதே அரிது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருஷ வருமானம் ரூ. 1,84,000, மாதச் சராசரி ரூ. 15,333, அதில் பாதி ரூ. 7,666.

இப்பொழுதுள்ள தவணைகள் மூன்றும் சேர்ந்து ரூ. 6,150. புதுக்கடனின் ரூ. 2,741-ஐக் கூட்டினால் ரூ. 8,891. இது வரம்பை மீறுகிறது. ஆனால் மனுவில் மாத வருமானம் ரூ. 18,000 என்று எழுதினால் பாதி ரூ. 9,000 ஆகும், மனு வரம்புக்குள் வந்து கடனும் கிடைத்துவிடும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். பாங்கியை ஏமாற்றியதாக எண்ணுகின்றனர். உண்மையில் ஏமாந்தது யார் என்பது முதல் மழை மாதத்தில் தெரியும். பதினாயிரம் வரவில் ரூ. 8,891 தவணை கொடுத்தால் அடுப்பெரிக்க ரூ. 1,109 மிஞ்சும். அம்மாதமே தவணை தப்பும். சுத்தமாயிருந்த மனைவியின் ஏடும் கறைபடும்.

கைபேசிப் பாக்கி ரூ. 5,600-ஐ முதலில் அடைத்துவிட்டால் மொத்தத் தவணை ரூ. 7,491 ஆகி வரம்புக்குள் வரும். எனினும் மழை மாதத்தில் மிச்சம் ரூ. 2,509 மட்டுமே. விதி இடங்கொடுத்தாலும் வயிறு இடங்கொடாது. இரண்டாவது குழுக் கடனாகிய ரூ. 2,150-க்கு இன்னும் ஐந்து தவணையே உள்ளது என்றால், ஐந்து மாதம் பொறுத்து மனுச் செய்வதே விவேகம். அப்போது மாதத் தவணை ரூ. 5,341, மழை மாதத்து மிச்சம் ரூ. 4,659. தறி ஓடும் எட்டு மாதத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் சங்கத்துச் சேமிப்பில் போட்டு வந்தால் ரூ. 8,000 சேரும், அதை நான்கு மந்த மாதத்துக்கும் பங்கிட்டால் மாதம் ரூ. 2,000 கூடுதலாகக் கிடைத்து ரூ. 6,659 ஆகும். கஷ்டந்தான், ஆனால் தவணை தப்பாது. அறுவடைக்குத் தக்கபடி குடியானவர் தவணை கேட்பதுபோல நெசவாளரும் மந்த மாதங்களைச் சொல்லி அதற்கேற்ற தவணை உண்டா என்று பாங்கியில் முதலிலேயே கேட்கலாம். கையெழுத்திட்ட பின்னர்க் கேட்பது பயன்படாது.

இந்த ஐந்து மாதம் வீண் காத்திருப்பன்று. அதற்குள் மைத்துனரை அழைத்துப் பேசி வண்டிக் கடனின் தப்பிய தவணைகளைக் கட்டச் செய்யலாம்; அவரால் முடியாவிடில் தாமே முதலில் கட்டிப் பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பழைய தாமதம் ஏட்டிலிருந்து மறையாது. ஆனால் அதன்பின் மாதாமாதம் ஒழுங்கான வரிகள் சேரச்சேர அதன் பளு குறைந்துகொண்டு வரும். 2025-ஆம் வருஷம் ஜனவரி முதல் கடன் ஸ்தாபனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் கணக்கை அனுப்ப வேண்டுமென்று ஏற்பட்டிருப்பதால், கட்டிய செய்தி முன்போல் நெடுநாள் தங்குவதில்லை. தானாக எடுக்கப்படும் தவணைகளுக்குக் கூலி வரும் நாளை அனுசரித்துத் தேதியை மாற்றித் தரும்படி கேட்பதும், இரண்டு தவணைக்கான தொகையைக் கணக்கில் எப்போதும் நிறுத்திவைப்பதும் நலம்.

பழைய பாக்கியைத் தீர்க்கும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நீண்டநாள் பாக்கியுள்ளவரிடம் ஸ்தாபனத்தார், "பாதி கட்டும், முடித்துக்கொள்வோம்" என்பர். பணம் மிச்சமாவது மெய்யே. ஆனால் ஏட்டில் 'கட்டி முடிந்தது' என்று ஏறாமல் 'சமரசமாகத் தீர்ந்தது' என்று ஏறும். அடுத்த பாங்கி அவ்வரியைப் பார்த்துத் தயங்கும். முழுதும் கட்டச் சக்தி உள்ளவர் முழுதும் கட்டுவதே மேல். சக்தியே இல்லாதவர் சமரசத்துக்கு இணங்குவதில் குற்றமில்லை. விலையை அறிந்து இணங்க வேண்டும் என்பதே இங்குச் சொல்வது.

பிழை திருத்தும் விதம்

நகைக்கடன் போன்ற தவறான வரியைத் திருத்தக் கட்டணம் இல்லை. ஏட்டை வைத்திருக்கும் கம்பெனிக்கும், கணக்கு அனுப்பிய ஸ்தாபனத்துக்கும், ரசீது அல்லது பாக்கியில்லாச் சான்றின் நகலோடு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுதல் அவசியம். முப்பது நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிறந்து 2024-ஆம் வருஷம் ஏப்ரலில் நடப்புக்கு வந்த ரிசர்வ் பாங்கி உத்தரவின்படி, முப்பது நாளைத் தாண்டினால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் மனுதாரருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கடன் ஸ்தாபனம் இருபத்தொரு நாளுக்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் அதன்மேலும், அனுப்பியும் கம்பெனி திருத்தாவிட்டால் கம்பெனியின்மேலும் இப்பொறுப்பு விழும். எவர் தங்கள் ஏட்டைக் கேட்டாலும், தாமதம் என்று ஸ்தாபனம் எழுதி அனுப்பினாலும், கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ செய்தி வரவேண்டும் என்றும் அவ்வுத்தரவு கூறுகிறது. எனவே கைபேசி எண் மாறினால் பாங்கிக்குத் தெரிவிக்காமல் இருத்தல் கூடாது.

முப்பது நாள் ஆகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியற்றதாயினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். 14448 என்ற தொலைபேசி எண்ணில் வழி விசாரிக்கலாம். அன்றியும், ஏட்டைப் பார்த்து மனுவைத் தள்ளிய ஸ்தாபனத்திடம், தாங்கள் பார்த்த அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்க 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பழைய பஞ்சாயத்தில் இல்லாத உரிமை இது. தன்னைப்பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவும் மறுக்கவும் ஏழை நெசவாளருக்கும் சட்டமே இடம் தந்திருக்கிறது. ஆனால் கேட்பவர் மிகச் சிலர்.

கேட்கத் தெரியாதவரைத் தேடி வருவோர் உளர். "ஐயாயிரம் கொடுத்தால் ஒரே வாரத்தில் எண்ணை உயர்த்தித் தருகிறோம்" என்று தெருவிலும் கைபேசியிலும் சொல்லித் திரிகின்றனர். தவறான வரியை அங்கத்தினரே செலவின்றித் திருத்தலாம். சரியான வரியை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. பின் அந்த ஐயாயிரம் எதற்கு? இவர்களிடம் பான் எண்ணையும், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டால், தம் பெயரில் தமக்கே தெரியாத கடன் ஒன்று ஏட்டில் ஏறும் அபாயமும் உண்டு.

திருத்தம் ஆயிற்று என்ற கடிதம் வந்தவுடன் மனுவோடு ஓட வேண்டாம். ஒரு கம்பெனி ஏட்டில் திருந்திய வரி மற்ற மூன்று ஏடுகளிலும் திருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனுச் செய்யப்போகும் பாங்கி எந்தக் கம்பெனியின் ஏட்டைப் பார்க்கும் என்று அங்கேயே கேட்டால் சொல்வார்கள். பின்னர்ச் சேமிப்புப் புத்தகம், கூலி வாங்கிய விவரம், சங்கத்தில் சேலை கொடுத்த கணக்கு, பழைய கடன்களின் பாக்கியில்லாச் சான்றுகள், ஜக்கார்டுப் பெட்டி செப்பனிடும் செலவுக்கான மதிப்பீடு ஆகியவற்றோடு, மந்த மாதங்கள் நான்கையும் மறைக்காமல் எழுதிய வருமானக் கணக்கையும் வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்தே பாங்கிக்குச் செல்வது உத்தமம்.